எதிரணி அடுத்து என்ன செய்யும்? அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் திட்டத்தை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கிளெண்டேல் நகரில் நடைபெற்ற 49-ஆவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் நிறைவடைய அரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தது. 24-28 என்ற கணக்கில் பின்தங்கியிருந்த சியாட்டில் சீஹாக்ஸ் அணி, எல்லைக்கோட்டிலிருந்து வெறும் 1 யார்டு, அதாவது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தொலைவில் நின்றது. அந்தத் தொலைவைக் கடந்தால் சாம்பியன் பட்டம் ஏறக்குறைய உறுதி. ஆனால் அந்த அணியின் ரஸ்ஸல் வில்சன் வீசிய பந்தை, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் அறிமுக ஆண்டு வீரர் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து கைப்பற்றினார். கோப்பை பேட்ரியாட்ஸ் வசமானது.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது அதிர்ஷ்டமாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில், அதே தாக்குதல் முறையை பேட்ரியாட்ஸ் அணி இறுதி ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலேயே ஒத்திகை பார்த்திருந்தது. அந்த ஒத்திகையில் பட்லர் தோற்றார். இறுதி ஆட்டத்தில் வென்றார்.

எதிரணியின் தாக்குதல் திட்டத்தை ஆட்டத்துக்கு முன்பே கணிப்பது அமெரிக்கக் கால்பந்தில் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. அது எவ்வாறு செய்யப்படுகிறது, எங்கே வெற்றி பெறுகிறது, எங்கே பொய்த்துப் போகிறது என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

ஆட்டத்தின் அமைப்பே கணிப்புக்கு வழிவிடுகிறது

உலகெங்கும் ஆடப்படும் கால்பந்தில் பந்து இடைவிடாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் கால்பந்து அப்படியன்று. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்குவதைப் போல, இங்கும் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் ஆட்டம் நிற்கிறது. 100 யார்டு நீள மைதானத்தில் இரு தரப்பிலும் தலா 11 பேர் நிற்பார்கள். தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பும் ‘டவுன்’ எனப்படுகிறது. ஒரு நகர்வு முடிந்தால், அடுத்ததைத் தொடங்க 40 விநாடிகள் அவகாசம். அந்த இடைவெளியில் தாக்கும் அணி ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது. தடுக்கும் அணி அதை ஊகிக்க முயல்கிறது.

எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு தேவை, மைதானத்தின் எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் மீதம், யார் முன்னிலை ஆகிய ஐந்து விவரங்களுடன் ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே பதிவு செய்ய முடிகிறது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 60 முதல் 70 நகர்வுகள் வரை மேற்கொள்ளும். நான்கு ஆட்டங்களைத் தொகுத்தால் ஏறத்தாழ 250 பதிவுகள் கிடைத்துவிடும். எதிரணியின் பழக்கங்களை அறிய இதுவே முதல் மூலப்பொருள்.

காணொளி அறையில் தொடங்கும் பணி

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள் உள்ளன. மைதானத்தில் உள்ள 22 வீரர்களும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி உயரமான கோணத்திலிருந்து எடுக்கப்படும் காணொளிகள் எல்லா அணிகளுக்கும் கிடைக்கின்றன. பந்தை மட்டுமே பின்தொடரும் தொலைக்காட்சி ஒளிபரப்பில் காண முடியாத பலவற்றை இவை காட்டுகின்றன.

அணியின் இளநிலைப் பயிற்சியாளர்கள் எதிரணியின் அண்மைக்கால ஆட்டங்களை நகர்வு நகர்வாகப் பிரித்து அட்டவணையிடுகின்றனர். முதலில் குறிக்கப்படுவது, களத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதே. இதற்கு இரண்டு இலக்கக் குறியீடு உண்டு. முதல் இலக்கம், பந்தை ஏந்தி ஓடும் வீரர்களின் எண்ணிக்கை. இரண்டாவது இலக்கம், தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வல்ல ‘டைட் எண்ட்’ வீரர்களின் எண்ணிக்கை. ‘11’ என்றால் ஓர் ஓட்டக்காரர், ஒரு டைட் எண்ட். எஞ்சிய மூவர் நெடுந்தூரம் ஓடிப் பந்தைப் பிடிப்பவர்கள். ‘12’ என்றால் டைட் எண்ட் இருவர். உடல்வலு மிக்கவர்கள் அதிகமாகக் களமிறங்கினால் பந்தை ஏந்தி ஓடும் வாய்ப்பு கூடுதல் என்பது பொதுவான கணக்கு.

அடுத்து, வீரர்கள் நிற்கும் வரிசை அமைப்பு, ஆட்டம் தொடங்குமுன் யாரேனும் இடம் மாறுகிறாரா, பந்து எந்தப் பக்கம் சென்றது, முடிவு என்ன ஆகியவை குறிக்கப்படுகின்றன. இப்படித் தொகுத்த பிறகே பயனுள்ள கேள்விகள் எழுகின்றன. மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவைப்பட்டால் எந்த அணியும் பெரும்பாலும் பந்தை வீசவே செய்யும். அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. அந்தச் சூழலில் யாரை நோக்கி வீசுவார்கள், அவர் எந்தப் பாதையில் ஓடுவார், எத்தனை யார்டு சென்று திரும்புவார் என்பதே ஆய்வாளரின் கேள்வி.

எல்லைக்கோட்டுக்கு முந்தைய 20 யார்டு பகுதிக்குத் தனி அட்டவணை தயாரிக்கப்படுகிறது. அங்கே மைதானம் சுருங்கிவிடுவதால் நெடுந்தூரப் பந்து வீச இடமில்லை. தாக்கும் அணியின் தெரிவுகள் குறையும். தடுக்கும் அணியின் கணிப்பு கூர்மை பெறும்.

உடல்மொழியும் கவனிக்கப்படுகிறது. முன்வரிசை வீரர் தரையில் ஊன்றிய விரல்களில் எடையை அழுத்தமாகச் சாய்த்தால், அவர் முன்னோக்கிப் பாயப்போகிறார், அதாவது பந்து ஏந்தி ஓடும் நகர்வு வரக்கூடும். எடையைப் பின்னோக்கி வைத்தால் வீசும் நகர்வு வரக்கூடும். பந்தைப் பிடிக்க ஓடும் வீரர் பக்கக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதுகூட அவர் உள்நோக்கித் திரும்புவாரா, வெளிநோக்கியா என்பதற்கான குறிப்பாகலாம். ஆயினும் இவை சான்றுகள் மட்டுமே, உறுதிமொழிகள் அல்ல.

போலி எதிரணியுடன் ஒரு வாரம்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால், திங்கள், செவ்வாய்க்குள் பயிற்சியாளர்கள் திட்டத்தின் வரைவை முடித்துவிடுவார்கள். வழக்கமாக, புதன்கிழமை முதல் இரு டவுன்களுக்கான பயிற்சி, வியாழக்கிழமை மூன்றாவது டவுன், வெள்ளிக்கிழமை எல்லைக்கோட்டை ஒட்டிய பகுதி, சனிக்கிழமை மெதுவான இறுதி ஒத்திகை என்று பணி பகுக்கப்படுகிறது.

இந்த வாரத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் மாற்று வீரர்கள். எதிரணியின் நகர்வுகள் வரையப்பட்ட அட்டைகளைப் பார்த்து, எதிரணியாகவே நடித்து ஆடுவது இவர்களின் வேலை. முதன்மைத் தடுப்பு வீரர்கள் ஞாயிற்றுக்கிழமை காணப்போகும் காட்சிகளைப் புதன்கிழமையே கண்டுவிடுகின்றனர். காகிதத்தில் உள்ள கணிப்பு வீரரின் கண்ணுக்கும் காலுக்கும் பழக்கமாவது இந்தக் கட்டத்தில்தான்.

பட்லர் கண்டது என்ன?

49-ஆவது சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். சியாட்டில் அணி எல்லைக்கோட்டருகே, இரண்டு வீரர்களை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தும் அமைப்பைப் பயன்படுத்துவது வழக்கம் என்று பேட்ரியாட்ஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்திருந்தனர். முன்னால் நிற்பவர் தடுப்பு வீரரின் வழியை மறிப்பார்; பின்னால் நிற்பவர் அந்த மறைவில் உள்நோக்கி ஓடிப் பந்தைப் பிடிப்பார். பயிற்சியில் மாற்று வீரர்கள் இதே நகர்வை ஆடியபோது, பட்லர் ஒரு கணம் தாமதித்ததால் பந்து எதிரே இருந்தவர் கைக்குச் சென்றது. தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அதைச் சுட்டிக்காட்டித் திருத்தினார்.

இறுதி ஆட்டத்தில் சியாட்டிலின் மார்ஷான் லின்ச் பந்தை ஏந்தி 1 யார்டு தொலைவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நகர்வுக்கு அந்த அணி மூன்று பிடிப்பு வீரர்களைக் களமிறக்கியது. உடனே பேட்ரியாட்ஸ் அணி மூன்றாவது தடுப்பு வீரராக பட்லரை உள்ளே அனுப்பியது. எதிரே ஜெர்மைன் கியர்ஸ் முன்னாலும் ரிக்கார்டோ லாக்கெட் பின்னாலும் நின்றனர். பயிற்சியில் கண்ட அதே அமைப்பு. முந்தைய ஆண்டு வரை சியாட்டில் அணியில் இருந்த பிராண்டன் பிரவுனர் இப்போது பேட்ரியாட்ஸ் தரப்பில் கியர்ஸை நகரவிடாமல் முட்டி நிறுத்தினார். வழி திறந்தது, பட்லர் இம்முறை தாமதிக்கவில்லை.

லின்ச் போன்ற வலுவான ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு ஏன் பந்தை வீசினார்கள் என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. சியாட்டில் தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது. எல்லைக்கோட்டைக் காக்க உடல்வலு மிக்க வீரர்களை எதிரணி நிறுத்தியிருந்தது. வீசிய பந்து யார் கைக்கும் சிக்காவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். மேலும் இரு வாய்ப்புகளுக்கு நேரம் கிடைக்கும். இரு அணிகளுமே ஒன்றையொன்று கணித்தன. பேட்ரியாட்ஸ் ஒரு படி கூடுதலாகக் கணித்திருந்தது.

கல்லூரி வீரர்களுக்கான தேர்வில் எந்த அணியாலும் எடுக்கப்படாமல், பயிற்சி முகாமில் திறமை காட்டி இடம் பிடித்தவர் பட்லர். தொழில்முறை ஆட்டத்தில் அவர் இடைமறித்த முதல் பந்து அது.

எதிரணியின் மொழி தெரிந்தவர்

கணிப்பு அல்ல, நேரடி அறிவே கைகொடுத்த நிகழ்வும் உண்டு. 2003 ஜனவரி 26-ஆம் தேதி சான் டியேகோவில் நடைபெற்ற 37-ஆவது சூப்பர் பவுலில் டாம்பா பே பக்கனியர்ஸ், ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணிகள் மோதின. டாம்பா பே பயிற்சியாளர் ஜான் கிரூடன், அதற்கு முந்தைய பருவம் வரை ஓக்லாந்தின் பயிற்சியாளராக நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். ஓக்லாந்தின் புதிய பயிற்சியாளர் பில் கலஹனோ, கிரூடனிடம் உதவியாளராக இருந்தவர். தாக்குதல் முறையின் அடிப்படை மாறவில்லை. களத்தில் திட்டத்தை மாற்ற உரக்கக் கூறப்படும் குறிச்சொற்களும் பெருமளவு பழையனவாகவே இருந்தன என்பது ஆட்டத்துக்குப் பின் பரவலாகப் பேசப்பட்டது.

பயிற்சியின்போது கிரூடனே ஓக்லாந்தின் குவார்ட்டர்பேக் ரிச் கேனனாக நடித்து, அவர் எப்படி யோசிப்பார், எப்படிக் குரல் கொடுப்பார் என்று தம் வீரர்களுக்குக் காட்டினார். அந்தப் பருவத்தின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றிருந்த கேனன், இறுதி ஆட்டத்தில் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தார். அவற்றில் மூன்று, நேராக எல்லைக்கோடு வரை கொண்டு செல்லப்பட்டன. டாம்பா பே 48-21 என்ற கணக்கில் வென்றது. பயிற்சியாளர் அணி மாறினால் குறிச்சொற்களை மாற்றியாக வேண்டும் என்பதற்கு இந்த ஆட்டம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

எதை விட்டுக்கொடுப்பது?

எதிரணி என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டாலும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவெடுப்பதே அடுத்த கட்டம். 1991 ஜனவரியில் 25-ஆவது சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இதைச் செய்து காட்டியது. எதிரணியான பஃபலோ பில்ஸ், ஜிம் கெல்லியின் தலைமையில் இடைவெளியின்றி அதிவேகமாகப் பந்து வீசி ஆடும் அணி. முந்தைய ஆட்டத்தில் 51-3 என்று வென்றிருந்தது.

அப்போது ஜயன்ட்ஸின் தடுப்புப் பயிற்சியாளராக இருந்தவரும் பெலிச்சிக்தான். பஃபலோவின் தர்மன் தாமஸ் 100 யார்டுக்கு மேல் ஓடினாலும் பரவாயில்லை என்று அவர் தம் வீரர்களிடம் கூறியபோது அவர்கள் திகைத்தனர். அவருடைய கணக்கு எளிது: ஓட்டம் நேரத்தை விழுங்கும், பந்துவீச்சு புள்ளிகளைக் குவிக்கும். ஆகவே முன்வரிசையில் ஆட்களைக் குறைத்து, பந்தைப் பிடிக்கும் வீரர்களைச் சூழ்ந்து நிற்கச் செய்தார். தாமஸ் 135 யார்டு ஓடினார். ஆனால் 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்து ஜயன்ட்ஸ் வசமிருந்தது. கடைசி விநாடிகளில் பஃபலோ உதைத்த 47 யார்டு உதை இலக்குக் கம்பத்துக்கு வெளியே செல்ல, ஜயன்ட்ஸ் 20-19 என வென்றது. அந்தத் தடுப்புத் திட்டத்தின் ஏடு இப்போது ஓஹியோ மாநிலம் கேன்டனில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் அரங்கில் இடம்பெற்றுள்ளது.

கணிப்பு பொய்க்கும் இடம்

தம்மையும் பிறர் ஆராய்கிறார்கள் என்பது ஒவ்வோர் அணிக்கும் தெரியும். ஆகவே அணிகள் தம் ஆட்டத்தைத் தாமே எதிரியின் கண்கொண்டு ஆராய்ந்து, எந்தப் பழக்கம் வெளிப்பட்டுவிட்டது என்று பார்க்கின்றன. பிறகு, அதே அமைப்பில் நின்று, அதற்கு நேர்மாறான நகர்வை முக்கியமான தருணத்துக்காகச் சேமித்து வைக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை முன்னரே எழுதி வைத்து ஆடும் முறையைப் பரவலாக்கினார். எதிரணி ஒவ்வொன்றுக்கும் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்று அறிவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதாவது, ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களே ஒரு வகையான வேவுபார்த்தல்.

முந்தைய பதிவில் இல்லாத ஒன்றை எந்த அட்டவணையும் கணிக்காது. 2018 பிப்ரவரி 4-ஆம் தேதி மினியாபொலிஸில் நடைபெற்ற 52-ஆவது சூப்பர் பவுலில் இது தெளிவாயிற்று. முதல் பாதி முடிய 38 விநாடிகள் இருந்த நிலையில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி எல்லைக்கோட்டிலிருந்து 1 யார்டு தொலைவில் நான்காவது டவுனில் நின்றது. எதிரே இருந்தது, மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே தொலைவில் சியாட்டிலைத் துல்லியமாகக் கணித்த பேட்ரியாட்ஸ்.

பந்து நேராக ஓட்டக்காரர் கோரி கிளெமென்டிடம் சென்றது. அவர் அதை ட்ரே பர்ட்டனிடம் தந்தார். வழக்கமாகப் பந்தைப் பிடிக்கும் பர்ட்டன் அதை வீச, வழக்கமாகப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் யாரும் கவனிக்காத மூலையில் நின்று பிடித்தார். அந்த அணி எந்த ஆட்டத்திலும் அதற்கு முன் வெளிப்படுத்தாத நகர்வு அது. முதன்மை வீரர் காயமடைந்ததால் களமிறங்கிய மாற்று வீரர் ஃபோல்ஸ் என்பதும் கணிப்பைக் கடினமாக்கியது. ஈகிள்ஸ் 41-33 என வென்று, தன் முதல் சூப்பர் பவுல் கோப்பையைக் கைப்பற்றியது.

ஆய்வு எங்கே முடிகிறது, வேவு எங்கே தொடங்குகிறது?

நடந்து முடிந்த ஆட்டங்களின் காணொளியை ஆராய்வது விதிகளுக்கு உட்பட்டது. எதிரணியின் சைகைகளைக் களத்தின் ஓரத்திலிருந்து படம்பிடிப்பது விதிமீறல். 2007-ஆம் ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் அணியின் தடுப்புச் சைகைகளைப் படம்பிடித்த விவகாரத்தில், பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலரும் பேட்ரியாட்ஸ் அணிக்கு 2.5 லட்சம் டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் முதல் சுற்று வீரர் தேர்வு உரிமையையும் அந்த அணி இழந்தது.

சைகைகளே தேவைப்படாத நிலையை உருவாக்குவதே இதற்குத் தீர்வாகக் கருதப்பட்டது. குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் வானொலிக் கருவி பொருத்த என்.எஃப்.எல். 1994-ஆம் ஆண்டு அனுமதித்தது. தடுப்பு வீரர் ஒருவருக்கும் 2008-ஆம் ஆண்டு முதல் அந்த வசதி கிடைத்தது. நகர்வுக்கான கடிகாரத்தில் 15 விநாடிகள் எஞ்சும்போது இத்தொடர்பு துண்டிக்கப்படும். கடைசி நேர முடிவு வீரர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

கல்லூரி அளவில் இச்சிக்கல் அண்மையில் மீண்டும் வெடித்தது. அதே பருவத்தில் எதிர்கொள்ளவுள்ள அணியின் ஆட்டத்தை மைதானத்துக்கே சென்று வேவு பார்க்கக் கல்லூரி விதிகள் அனுமதிப்பதில்லை. இதை மீறியதாக எழுந்த புகாரில் 2023-ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டங்களில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது. அந்த அணி அப்பருவத்தில் தேசியச் சாம்பியன் ஆனது. 2024 முதல் உயர்நிலைக் கல்லூரிக் கால்பந்திலும் தலைக்கவச வானொலி அனுமதிக்கப்பட்டுள்ளது.

கணினியின் வருகை

என்.எஃப்.எல். வீரர்களின் தோள்பட்டைக் கவசங்களில் இப்போது சிறு சில்லுகள் உள்ளன. ஒவ்வொரு வீரரின் இருப்பிடம், வேகம், திசை ஆகியவை விநாடிக்குப் பலமுறை பதிவாகின்றன. இத்தரவுகளைக் கொண்டு என்.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் ‘பிக் டேட்டா பவுல்’ போட்டியின் 2025-ஆம் ஆண்டுக் கருப்பொருள், பந்து நகரத் தொடங்குமுன் அணிகளும் வீரர்களும் காட்டும் போக்குகளைப் பற்றியது. இளநிலைப் பயிற்சியாளர்கள் இரவு முழுதும் செய்த அட்டவணைப் பணியின் பெரும்பகுதியைக் கணினி விரைவாகச் செய்துவிடுகிறது.

ஆனால் கணினி தருவது நிகழ்தகவு. நூற்றுக்கு எழுபது முறை ஓட்டம் என்று அது கூறினால், மீதி முப்பது முறைக்கும் வீரர் ஆயத்தமாக இருக்க வேண்டும். அத்துடன், பயிற்சியாளரிடம் உள்ள தகவல் அளவின்றிப் பெருகினாலும் களத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் நேரம் மாறவில்லை. பத்து அட்டவணைகளிலிருந்து வீரர் நினைவில் நிறுத்த வேண்டிய இரண்டு மூன்று குறிப்புகளைத் தேர்ந்தெடுப்பதே நல்ல பயிற்சியாளரின் திறன் எனலாம்.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களும் மூன்று விவரங்களைக் கொண்டு கணித்துப் பார்க்கலாம். முதலாவது, எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை என்பது. இரண்டாவது, களத்தில் பிடிப்பு வீரர்கள் அதிகமா, உடல்வலு மிக்கவர்கள் அதிகமா என்பது. மூன்றாவது, பந்து நகருமுன் ஒரு வீரர் குறுக்கே ஓடினால், தடுப்பணியில் ஒருவர் அவரைப் பின்தொடர்கிறாரா என்பது. பின்தொடர்ந்தால் ஆளுக்கு ஆள் காவல். இல்லையெனில் பெரும்பாலும் பகுதிக் காவல். தாக்கும் அணி அந்தக் குறுக்கோட்டத்தின் மூலம் எதிரணியைக் கணிக்க முயல்கிறது.

2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இதன் மோதலற்ற வடிவமான ‘ஃபிளாக் ஃபுட்பால்’ முதன்முறையாக இடம்பெறுகிறது. அணிக்கு ஐவர், எதிராளியைத் தள்ளி வீழ்த்துவதற்குப் பதில் இடுப்பில் உள்ள கொடியைப் பறிக்க வேண்டும். உடல்வலுவின் பங்கு குறைந்த அந்த ஆட்டத்தில், எதிராளி எங்கே ஓடப்போகிறார் என்று முன்கூட்டியே அறிவதன் மதிப்பு இன்னும் கூடுதலாக இருக்கும்.